மலையைப் பார்த்த நாற்காலி

பல் வந்துவிட்டது. நான்தான் நிமிரவில்லை.

ஏகாம்பரத்தின் கீழ்க் கடைவாய்ப் பல் வேர் முறியாமல், முழுசாக என் குறட்டில் இருந்தது. அவர் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை வியாபாரம், வைத்திருப்பவர். மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு, தாடையும் அப்படித்தான். பல்லைத் தட்டில் போட்டேன். பஞ்சை வைத்தேன். "நல்லாக் கடிச்சுக்குங்க. அரை மணி நேரம் பேசக் கூடாது" என்று எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன். பிறகு நிமிரப் பார்த்தேன்.

கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தபடி, வலது தோள் காதருகே ஏறியபடி, இடுப்பு வளைந்தபடி, உடம்பு அங்கேயே நின்றுவிட்டது.

ஏகாம்பரம் நாற்காலியை விட்டு இறங்கினார். நான் அவர் உட்கார்ந்திருந்த இடத்தையே இன்னும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ம்?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க. நீங்க போங்க" என்றேன், நாற்காலியின் கைப்பிடியிடம்.

"ம்ஹூம்" என்றார். நல்ல மனிதர். என் முழங்கையைப் பிடித்து மெல்ல வெளியே அழைத்து வந்தார்.

பெஞ்சில் காத்திருந்தவர்கள் கண்ட காட்சியை நினைத்துப் பாருங்கள். பல் பிடுங்கிக்கொள்ளப் போன ஆள் நேராக நடந்து வருகிறார். பிடுங்கப் போன டாக்டர் கூனிக்கொண்டு அவர் கையைப் பிடித்தபடி வருகிறாள்.

"இன்னாய்யா பண்ண டாக்டரம்மாவ?" என்றார் ஒருவர்.

ஏகாம்பரம் பேசக் கூடாது. கையை விரித்தார்.

"கடிச்சுட்டியா?"

தலையைப் பலமாக ஆட்டி மறுத்தார்.

"வலி தாங்காம ஓங்கி உட்டிருப்பாரு" என்றது ஒரு பெண் குரல்.

பழி ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து ஏகாம்பரம் வாயைத் திறக்கப் போனார். "பஞ்சு" என்றேன், தரையைப் பார்த்தபடி. மூடிக்கொண்டார்.

அப்போதுதான் கன்னியம்மா எழுந்தாள். கன்னியம்மாவுக்கு ஈறு வீக்கம். மாதம் ஒருமுறை வருவாள். வந்தால் கிளினிக் முழுவதையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வாள். "நவுருங்க எல்லாரும். நான் ரெட்டப் புள்ள பெத்தவ" என்றாள். அப்படிப்பட்டவள் கை பட்டால் சுளுக்கு இறங்கும் என்பது எங்கள் ஊரில் எல்லோரும் அறிந்த வைத்தியம். நான் பி.டி.எஸ். படித்தவள். ஆனால் கூனி நிற்கும்போது படிப்பு அவ்வளவாகத் துணைக்கு வருவதில்லை. கழுத்தைக் கொடுத்தேன். கட்டை விரலால் ஒரு வழி வழித்தாள்.

பாதி நிமிர்ந்தேன். மீதிப் பாதி நிமிரப் பல மாதம் பிடித்தது.

ஒற்றைக்கால்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் காலத்தில் பல் டாக்டர் என்றால் நின்றுதான் வேலை செய்ய வேண்டும். கல்லூரியில் உட்காருவதற்கு ஸ்டூல் ஒன்று மூலையில் இருந்தது. அதில் பேராசிரியரின் பை உட்கார்ந்திருக்கும்.

நிற்பதில் இரண்டு காலும் நம்முடையவை அல்ல. ஒரு கால் மெஷினின் மிதியில் இருக்கும். மொத்த உடம்பும் மற்றதில். நோயாளி நேராக உட்கார்ந்திருப்பார். அவர் மேல் தாடையைப் பார்க்க வேண்டுமானால் நாம் கீழிருந்து எட்டிப் பார்க்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன மூடியைத் தேடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நான் அதைத் தொழிலாகச் செய்துகொண்டிருந்தேன்.

பொருள்கள் விஷயத்தில் நான் கறாரானவள். தட்டில் கருவிகள் அளவு வாரியாக, நுனிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி இருக்க வேண்டும். ஒன்று கோணியிருந்தாலும் கஸ்தூரியைக் கூப்பிடுவேன். கஸ்தூரி என் உதவியாளர். கிளினிக் திறந்த வருஷத்திலிருந்து என்னோடு இருப்பவள். "தட்டு நேரா இருக்குது டாக்டர். நீங்கதான் கோணலா நின்னு பாக்குறீங்க" என்று ஒருமுறை சொன்னாள். அதை அப்போது பொருட்படுத்தவில்லை.

ஜன்னல்

நாற்காலி வந்த கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கிளினிக் தேரடிக்குக் கிழக்கே ஒரு சந்தில், கரீம் பாய் என்பவரின் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருந்தது. மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல். பக்கத்து மனை காலி. ஆகவே ஜன்னல் முழுக்க மலை, எங்கள் ஊர் சிவனென்றே கும்பிடும் மலை.

நாற்காலியை இறக்கிய அன்று எப்படிப் போடுவது என்று மெக்கானிக் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. மலையைப் பார்த்துப் போடச் சொன்னேன். வெளிச்சம் நோயாளியின் முகத்தில் விழும். அவருக்கும் மனசுக்கு ஒரு பிடிப்பு. தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் எல்லாம் அதற்கேற்பத் தரைக்கடியில் போயின. நாற்காலியும் தரையோடு முடுக்கப்பட்டது.

அது நல்ல யோசனை என்று ஊரே சொன்னது. ஊசியைப் பார்த்ததும் நோயாளிகள் மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். வாய் திறந்திருக்கும், கை கூப்பியிருக்கும். சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், வீங்கின கன்னம் என்பதை மறந்து.

அப்போதெல்லாம் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைக் கவனிக்கவும். கால் தொங்கிக்கொண்டிருந்தது.

வேலூர்

கழுத்து பிடித்துக்கொண்டதோடு நின்றிருந்தால் தைலத்தோடு போயிருக்கும். வலது கைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகத் தொடங்கின. சோற்றைப் பிசையும்போது சூடு தெரியவில்லை. ஒருநாள் வாய்க் கண்ணாடி கையிலிருந்து நழுவி ஒருவர் சட்டைப் பையில் விழுந்தது. அவர் வீட்டுக்குப் போய், மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார்.

என் கணவர் நடராஜன் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்தார். அவர் லீவு போட்டு என்னை வேலூருக்கு ஒரு எலும்பு டாக்டரிடம் அழைத்துப்போனார்.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர், "எப்படி நின்னு வேலை செய்வீங்க? செஞ்சு காட்டுங்க" என்றார். கணவரை முக்காலியில் உட்கார வைத்தேன். கேட்காமலே வாயைத் திறந்துகொண்டார். நான் வழக்கமான இடத்தில் நின்று, வழக்கம்போல் குனிந்தேன்.

டாக்டர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். "கெணத்துல விழுந்த வாளிய எடுக்குற மாதிரி இருக்குங்க" என்றார். பிறகு அவரும் குனிந்து என் கணவரின் வாயைப் பார்த்தார். "கடைவாயில சொத்தை இருக்கே."

"கேட்டா டயம் இல்லைன்றாங்க சார்" என்றார் என் கணவர், திறந்த வாயோடு.

கழுத்தெலும்புகளுக்கு நடுவில் நரம்பு நசுங்குகிறது என்று டாக்டர் விளக்கினார். "பேஷண்டைப் படுக்க வைங்க. வாய் உங்க முழங்கை மட்டத்துக்கு வரணும். நீங்க முதுகு நேரா, தலைமாட்டுல உக்காந்து பாருங்க. தீபம் முடிஞ்சு என்கிட்ட வாங்க. மரமரப்பு கம்மியாயிருந்தா தொழிலைத் தொடரலாம். ஜாஸ்தியாயிருந்தா விட்டுடுங்க. அப்புறம் கையே எழும்பாது."

திரும்பும் பஸ்ஸில் கணவர் தொண்டையைச் செருமினார். "எங்க சூப்பிரண்டெண்டு மருமகன் போளூர்ல கிளினிக் போடப் போறான். நல்ல சேரா தேடிக்கிட்டிருக்கான்."

"தீபம் வரைக்கும் பாக்கலாம்னு சொல்லியிருக்காரு."

"நானும் தீபத்துக்கு அப்புறம்தான் சொல்றேன்."

கோபித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பேன். ஆனால் என் கழுத்து திரும்பும் பக்கத்தில் ஜன்னல் இல்லை, அவர்தான் இருந்தார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வலியில் நான் சீப்பைத் தூக்க முடியாமல் நிற்பதைப் பார்த்தவர். எனக்கோ அந்த அறை போய்விட்டால் காலையில் எழுந்து எங்கே போவது என்பதே தெரியவில்லை. வலியோடு வந்தவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு வெளியே போகிற அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் இத்தனை வருஷம் ஒற்றைக்காலில் நின்றேன். அதை வேறு எங்கே போய்த் தேடுவேன்?

கால்கள்

சக்கரம் வைத்த ஸ்டூல் ஒன்று வாங்கினேன். நாற்காலியின் முதுகைப் படுக்கையாகச் சாய்த்தேன். மறுநாள் காலை முதல் நோயாளியை ஏறச் சொன்னேன். படுத்தார். படுத்ததும் முழங்காலை மடக்கிக்கொண்டார்.

"காலை நீட்டிக்குங்க."

"இருக்கட்டும்மா."

அவர் மட்டும் இல்லை, யாரும் நீட்டவில்லை. சிலர் குத்துக்காலிட்டுக்கொண்டார்கள். சிலர் இரண்டு காலையும் ஒருபுறமாகத் தொங்கவிட்டு, இடுப்புவரை ஒரு திசையும் அதற்குமேல் ஒரு திசையுமாகப் படுத்தார்கள். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி பத்மாசனம் போட்டே உட்கார்ந்தாள். நாற்காலியைச் சாய்த்தேன். முடிச்சு அவிழாமல் அப்படியே மல்லாந்தாள். முழங்கால் இரண்டும் வானத்தைப் பார்த்தன.

மடங்கின கால் நழுவிக்கொண்டே இருக்கும். ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குவார். வாய் என்னைவிட்டு விலகிப்போகும். நான் எட்டுவேன், எழுவேன், கடைசியில் பழையபடி குனிந்து நிற்பேன். ஸ்டூல் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

காரணம் எங்களுக்குப் பிடிபடவில்லை. பயம் என்று நான் நினைத்தேன். பொம்பளை டாக்டர் முன்னால் நீட்டிப் படுக்கக் கூச்சம் என்றாள் கஸ்தூரி. ரெக்ஸின் சூடு என்றார் என் கணவர்.

கன்னியம்மா அந்த மாத முறைக்கு வந்தாள். படுத்தாள். மடக்கினாள்.

"காலை நீட்டு கன்னியம்மா."

"மாட்டேன்."

"ஏன்?"

"எதுர்ல யாரு இருக்கறது?"

திரும்பிப் பார்த்தேன். மலை இருந்தது.

"மலையப் பாத்துக் கால நீட்டச் சொல்றியேம்மா. நீ நீட்டுவியா?"

நீட்ட மாட்டேன். எங்கள் வீட்டுக் கட்டிலைக் கல்யாணமாகி வந்த மாதமே நான்தான் திருப்பிப் போட்டேன். அதே ஊரில், அதே மலைக்கு முன்னால், வந்தவர்களையெல்லாம் காலை நீட்டச் சொல்லி வாரக்கணக்கில் அதட்டியிருக்கிறேன். உட்கார்ந்தவர்களுக்காகப் போட்ட நாற்காலி படுத்தவர்களுக்கு ஆகாது என்பது எனக்கும் தோன்றவில்லை, கஸ்தூரிக்கும் தோன்றவில்லை.

"சொல்லியிருக்கலாமே எல்லாரும்?" என்றேன்.

"டாக்டருக்குத் தெரியாதான்னு இருந்திருப்பாங்க" என்றாள் கன்னியம்மா. "சீக்கிரம் பாரும்மா, கால் மரத்துப் போவுது."

திரையும் வடக்கும்

ஜன்னலுக்குப் பச்சைத் திரை வாங்கி மாட்டினேன். மறுநாள் வந்தவர், "திரை போட்டா மலை எங்கனா போயிடுமா?" என்று கேட்டு மடக்கிக்கொண்டார். அடுத்தவர், "முன்ன கும்புடவாச்சும் முடிஞ்சுது" என்று வருத்தப்பட்டார். திரையைக் கழற்றினேன்.

நாற்காலியை எதிர்ப்பக்கமாகத் திருப்ப வேண்டும். தலை மேற்கே, கால் கிழக்கே. அதற்குக் குழாய்கள் இடம் மாற வேண்டும். தரையை உடைக்க வேண்டும். தரை மொசைக். கரீம் பாயிடம் போனேன்.

"எங்க அத்தா பக்கத்துல நின்னு பாத்துப் பாத்துப் போட்ட தரைம்மா அது" என்றார். "வாடகைய வேணாக் கம்மி பண்ணிக்கிங்க. தரையக் கேக்காதீங்க." அவருடைய அப்பாவின் படம் பின்னால் சுவரில் இருந்தது. இருவருமாக என்னைப் பார்த்தார்கள். திரும்பிவிட்டேன்.

வேலூரிலிருந்து வந்த மெக்கானிக், தரையை உடைக்காமல் இருக்கிற குழாயை இழுத்து, நாற்காலியைக் கால்வட்டம் திருப்பித் தந்தார். ஒரு பக்கம்தான் திரும்பும். மறு பக்கம் திருப்பினால் துப்பும் தொட்டி சுவரில் இடிக்கும். மலை இப்போது பக்கவாட்டில் வந்துவிட்டது. எனக்கு அது போதும் என்று பட்டது.

ஏகாம்பரம் அடுத்த பல்லோடு வந்தார். படுத்தார். காலை நீட்டினார். இரண்டு பாதமும் நாற்காலியின் நுனியைத் தாண்டி, ஆனந்தமாக நின்றன. நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதுகு நேராக இருந்தது. முழங்கை மட்டத்தில் வாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"டாக்டரம்மா, இப்ப எனுக்குத் தல எந்தப் பக்கம் இருக்குது?"

"பின்பக்கம்" என்றேன்.

"பின்பக்கம்னா?"

"வேங்கிக்கால் பக்கம்."

ஏகாம்பரம் எழுந்து உட்கார்ந்தார். "அது வடக்கு."

"பத்து நிமிஷ வேலைங்க."

"வடக்கத் தல வெச்சுப் படுக்க வெச்சு, மரத்துப்போறதுக்கு ஊசியும் போட்டு, காலைத் தெக்க நீட்டச் சொல்றீங்க. யமனுக்குத் தேடுற வேலையே இல்லாமப் பண்ணிட்டீங்களே."

உட்கார்ந்தபடியே எடுக்கச் சொன்னார். நின்றபடியே எடுத்தேன்.

அந்த வாரம் முழுக்க வடக்கு யாருக்கும் ஆகவில்லை. நாற்காலியை மறுபடி மலைப் பக்கமே திருப்பினோம். "எல்லாத் திசையும் தீந்துபோச்சு டாக்டர்" என்றாள் கஸ்தூரி. "இனி மேல பாத்து நிறுத்தினாதான் உண்டு."

பார்க்க வந்தவர்

நவராத்திரி முடிந்த கையோடு போளூர் மருமகன் நாற்காலியைப் பார்க்க வந்தார். சின்ன வயசு, மரியாதையான பையன். சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். மிதியை மிதித்தார். படுத்துப் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டு ஏறிப் படுத்தார். படுத்ததும் காலை மடக்கிக்கொண்டார்.

"ஏன்க்கா மலையப் பாத்துப் போட்டீங்க?" என்றார்.

நான் தட்டில் ஏற்கெனவே நேராக இருந்த கருவிகளை நேராக்கினேன். கஸ்தூரி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் போன பிறகு, மருமகனுக்குப் பிடித்திருப்பதாக என் கணவர் மெல்லச் சொன்னார். எனக்கு அன்றைக்குக் குறட்டின் குளிர்ச்சிகூட விரலில் தெரியவில்லை.

மேற்கு

சில நாள் கழித்துக் கரீம் பாய் வந்தார். வாடகைக்கு அல்ல. ஒரு கன்னம் தலையணை மாதிரி வீங்கியிருந்தது. துண்டால் தாடையோடு தலையைச் சேர்த்துக் கட்டியிருந்தார்.

நாற்காலியில் ஏறினார். சாய்த்தேன். முழங்கால் மேலே வந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "பாய், உங்களுக்கு மலை என்ன?"

"மலை இல்லம்மா. மேற்கு. நாங்க தொழுவுற பக்கம். அங்க போயி எப்படிக் கால நீட்டுறது?"

நானும் கஸ்தூரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஊரில் மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, மேற்கே காலை நீட்டத் தயங்காத ஒருவர் இருப்பார் என்பதுதான். அதுவும் போயிற்று.

பல்லைப் பார்த்தேன். வேர்வரை சீழ். "இப்ப எடுக்க முடியாது பாய். மாத்திரை தரேன். வீக்கம் இறங்கினதும் எடுக்கலாம். ஒண்ணு சொல்லிடறேன். வேர் வளைஞ்சிருக்கு; குனிஞ்சு நின்னு எடுக்க என்னால ஆகாது. என் விரல் ரெண்டும் மரத்துப்போச்சு. வேலூர்ல போய் எடுத்துக்கிங்க."

"வேலூரா? பஸ்ஸுலயா?" பாய் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். வேலூர் ரோடு அந்த வருஷம் எப்படி இருந்தது என்பது அதில் போனவர்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "வீக்கம் இறங்க எத்தினி நாள் ஆவும்?"

"நாலஞ்சு நாள்."

"அதுக்குள்ள தரைய ஒடைச்சுப் போட்டுடலாமில்ல?"

மறுநாள் காலை நான் போகும்போது, பாய் தாடைக்கட்டோடு கொத்தனாரை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "மெதுவா, மெதுவா, எங்க அத்தா தரைடா" என்றார். ஒவ்வொரு அடிக்கும் அவர் முகம்தான் சுருங்கியது. குழாய் மாறியது. பழைய குழாய் போன வழியில் சிவப்பு சிமென்ட் பூசியது, குடல் ஆபரேஷன் தழும்பு மாதிரி இருந்தது. நாற்காலி முழுசாகத் திரும்பியது.

வீக்கம் இறங்கியதும் பாய்தான் முதலில் படுத்தார். தலை மேற்கே, கால் கிழக்கே. கட்டை விரல்வரை நீட்டினார். நான் ஜன்னலுக்கு முதுகு காட்டி, அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். வெளிச்சம் என் தோள்மேலாக வந்து நேராக அவர் வாய்க்குள் விழுந்தது. பல் வருவதற்குள் எனக்கு நெற்றி வியர்த்தது. ஆனால் வந்தது. நான் உட்கார்ந்தபடி இருந்தேன்.

கார்த்திகை

அதன்பிறகு யாரும் காலை மடக்கவில்லை. ஏகாம்பரம் திசையை இரண்டு முறை விசாரித்துவிட்டு நீட்டினார். பாதி வேலையில் குறட்டையும் விட்டார். மலையைக் கும்பிட நினைத்தவர்கள் மட்டும் நாற்காலியில் ஏறும் முன் என்னை நகரச் சொல்லிவிட்டு ஜன்னலைக் கும்பிட்டுக்கொண்டார்கள்.

கழுத்து வலி மெல்லக் குறைந்தது. தோள் இறங்கியது. விரல்கள் மட்டும் அசையவில்லை. அதாவது அசைந்தன, ஆனால் யாருடைய விரலோ போல. மலை உச்சிக்குத் தீபக் கொப்பரை ஏற்றும் நாள் நெருங்கியது. வெளியூர் பஸ்கள் வரத் தொடங்கிவிட்டன. கணவர் நாற்காலியைப் பற்றிப் பேச்செடுப்பதை நிறுத்தியிருந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரத்தில் ஒரு காலை. கன்னியம்மா படுத்திருந்தாள், வாயைத் திறந்துகொண்டு, காலைக் கிழக்கே நீட்டிக்கொண்டு. நான் அவள் வாயைப் பார்த்தபடியே தட்டின் பக்கம் கையை நீட்டினேன். கூர்க்கம்பியை எடுக்கப்போய், தவறி அதன் நுனியில் கட்டை விரலை வைத்துவிட்டேன்.

"ஆ" என்றேன்.

கன்னியம்மா ஒரு கண்ணைத் திறந்தாள். "என் வாயில இன்னும் ஒண்ணுமே வெக்கிலியேம்மா. நீ எதுக்கு ஆ-ன்ற?"

"வலிக்குது கன்னியம்மா" என்றேன்.

"வலிச்சா சிரிப்பாங்களா?"

கஸ்தூரி பஞ்சோடும் டிஞ்சரோடும் ஓடி வந்தாள். கையுறையைக் கழற்றினேன். கட்டை விரலில் ஒரு பொட்டு ரத்தம். அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஆள்காட்டி விரலிலும் அதே நுனியால் ஒரு குத்துக் குத்திப் பார்த்தேன். அதுவும் வலித்தது.